கீரையில் ஒரு கண்

கீரைக்குள்ளிருந்து ஒரு கண் குணவதியைப் பார்த்தது.

கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. கறுப்புப் புள்ளி, சுற்றிலும் வெள்ளி வளையம். தாளித்த கடுகுதான் என்று முதலில் நினைத்தாள். விரல் நுனியால் கீரையை விலக்கினாள். கண்ணுக்குப் பின்னால் தலை இருந்தது. தலைக்குப் பின்னால் வளைந்த உடம்பும் வாலும் இருந்தன.

நெத்திலி.

இலையில் பாதிச் சோறு காலி. அந்தப் பாதி இப்போது அவள் வயிற்றுக்குள் இருந்தது. இடது மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் காப்பு, சூடு போட்ட மாதிரி எரிந்தது.

விடிந்தால் தைப்பூசம். பினாங்கு தண்ணீர்மலையில் அவள் பால்குடம் தூக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ரசத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும் புருஷன் நாகேந்திரன், அலகு குத்திக் காவடி எடுக்க வேண்டும். அடுத்த வாரம் கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் அவர்கள் மகள் நிவாஷினிக்கு ஆபரேசன். ஆறு வயதுக் குழந்தையின் நெஞ்சைத் திறந்து, இதயத்தில் இருக்கும் ஓட்டையை அடைக்கப் போகிறார்கள். அதற்காகத்தான் ஒரு மண்டலமாக இரண்டு பேரும் தரையில் படுத்து, ஒரு வேளை தின்று, நாக்கைக் கட்டிக் காத்த விரதம்.

அந்த விரதத்துக்கு நடுவில் ஒரு மீன் படுத்திருந்தது.

"ஏங்க."

"ம்?"

"இது என்னான்னு பாருங்க."

நாகேந்திரன் பார்த்தான். ரசம் புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே சொன்னான். "சோயாவா இருக்கும் குணா. இப்பல்லாம் சோயாவுலயே மட்டனு, கோழின்னு எல்லாம் செய்றானுங்களே."

"சோயாவுக்குக் கண்ணு இருக்குமா?"

வெளியில் கை நனைக்கவே கூடாது என்று சொல்லித்தான் கிள்ளானிலிருந்து கிளம்பினாள். விடியற்காலையில் எழுந்து, குளித்து, எலுமிச்சைச் சோறு கட்டியிருந்தாள். தைப்பூசக் கூட்டத்தில் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டு கார்கள் நத்தையாய் ஊர்ந்தன. தஞ்சோங் மாலிம் தாண்டுவதற்குள்ளேயே சூரியன் மைவி காரை அடுப்பாக்கிவிட்டான். ஈப்போவில் ஒண்ணுக்குப் போக நிறுத்தியபோது டப்பாவைத் திறந்து பார்த்தாள். சோறு நூல் விட்டிருந்தது.

அங்கேதான் நாகேந்திரன் ஒரு டின் கச்சான் வாங்கிக்கொண்டு வந்தான். எள்ளும் சர்க்கரையும் மிளகாயும் பூசி வறுத்த நிலக்கடலை. டின்னைத் தன் பக்கத்துக் கதவு இடுக்கில் செருகி, மூடியை அரைவாசி திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டே ஓட்டினான். கேட்டதற்கு, "உனக்கு வேணாம் லா. காலி வயித்துல தின்னா கேஸ்டிக் வரும்" என்றான். அக்கறையான புருஷன்.

பழைய ரோட்டைப் பிடித்து பாகான் செராய் வந்தபோதுதான் அந்தப் பலகை கண்ணில் பட்டது. 'அஞ்சலை உணவகம். தைப்பூச விரதச் சாப்பாடு.' கீழே சிவப்புச் சாயத்தில், 'இந்த மாதம் கவுச்சி இல்லை.'

"வேணாங்க. கடைச் சாப்பாட்ட எப்படி நம்புறது?"

"ராத்திரி எப்படியும் பட்டினிதான் கெடக்கப் போறோம். நீ மயக்கம் போட்டு விழுந்தா பால்குடத்த யாரு தூக்குறது? பேரப் பாரு. அஞ்சலை. நம்ம ஆளு."

கடை என்றால் ஒரு வீட்டின் முன்பாதி. ஐந்து மேசை, ஒரு மின்விசிறி, சுவரில் வேலும் மயிலுமாய் முருகன். தங்கையா என்று ஒரு பெரியவர், கடைக்காரர், இலை போட்டார். சோறு, சாம்பார், முருங்கைக்கீரை, பூசணிக்காய்க் கூட்டு, ரசம். ஒவ்வொன்றையும் வைக்கும்போது, "தாராளமா சாப்பிடுங்க, தாராளமா" என்று ஏதோ தானே கடன்பட்டவர் மாதிரி சொன்னார்.

நாகேந்திரன் டின்னையும் கையோடு கொண்டுவந்திருந்தான். சோற்றுக்கு மொறுமொறுப்பு வேண்டுமாம். தன் இலையில் ஒரு கைப்பிடி கொட்டிக்கொண்டான்.

"எனக்கும் கொஞ்சம் போடுங்க."

அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு டின்னைச் சாய்த்துப் பிடித்து, விரலைவிட்டு, ஒவ்வொரு கச்சானாகப் பொறுக்கி எடுத்து அவள் கீரைமேல் வைத்தான். 'கட்டின பெண்டாட்டிக்குக் கச்சான் குடுக்கக்கூட இப்படி ஒரு கஞ்சத்தனமா' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அந்தக் கண்.

"பெரியவரே!"

குணவதி எழுந்து நின்றாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அடுத்த மேசையில் மஞ்சள் வேட்டி கட்டிய குடும்பம் ஒன்று சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"இங்க வாங்க. இத வந்து பாருங்க."

தங்கையா குனிந்து பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். "அலாமாக்... இது எப்படிம்மா?"

"எப்படியா? என்கிட்ட கேக்குறீங்க? கவுச்சி இல்லன்னு போர்டு மாட்டி ஊர ஏமாத்துறீங்களா? நாளைக்குக் கொடம் தூக்கப் போறேன்யா! புள்ளைக்கு நேந்துகிட்டு!"

மஞ்சள் வேட்டிக் குடும்பம் இலையை மூடியது. சத்தம் போடாமல் எழுந்து, கையைக் கழுவி, ஒருத்தரும் தங்கையாவின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனது.

"குணா, விடு. வா, போலாம்." நாகேந்திரன் அவள் முழங்கையைப் பிடித்தான். "சண்ட போடக் கூடாது இன்னிக்கு."

"ஒங்களுக்கு ரோசமே இல்லையா? மீன எலைல வெச்சிருக்கான், விடுங்கிறீங்க!" கையை உதறினாள். "யாரு சமைச்சது? கூப்பிடுங்க."

சமையல்கட்டுத் திரை விலகியது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயதிருக்கும். மஞ்சள் சேலை, நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம். முகம் மட்டும் சீன முகம். வெள்ளைத் தோல், சின்னக் கண், சப்பை மூக்கு.

குணவதியின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "ஓ! சீனச்சியா சமைக்கிறது? அதானே பாத்தேன். எறா அரைச்ச பெலாச்சானும் நெத்திலியும் இல்லாம அவுங்களுக்குக் கையி ஓடுமா? வெரதம்னா என்னான்னு இவளுக்கு என்ன தெரியும்?"

அந்தப் பெண் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

தங்கையா கண்ணை மூடிக்கொண்டார், இடிக்கு முன்னால் மின்னலைப் பார்த்தவர் மாதிரி.

"யாருடி சீனச்சி?"

அசல் தோட்டத்துத் தமிழ். குணவதியின் தமிழைவிடக் காரமான தமிழ்.

"தொப்புள்கொடி காயறதுக்கு முன்னால என்னைத் தூக்கிட்டு வந்து, மாராப்புல முடிஞ்சி, ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் வெட்டி வளத்தவ பெருமாயி. அவ வெச்ச பேரு அஞ்சலை. அந்தப் பேருதான் வெளிய போர்டுல தொங்குது. நீ பாவாட கட்டறதுக்கு முன்னாலயே நான் தண்ணிமல ஏறுனவ. இங்க பாரு!" இடது கையை நீட்டினாள். மணிக்கட்டில் காப்பு. குணவதியின் கையில் இருப்பது போலவே மஞ்சள் கயிறு. "மூஞ்சப் பாத்துத்தான் முருகன் வரம் குடுக்குறானா? அப்ப நீ போயி மொதல்ல உன் மூஞ்சியக் கண்ணாடில பாரு!"

"பேச்ச மாத்தாதீங்க. மீன் எப்படி வந்துச்சி?"

"என் சட்டியிலேந்து வரல."

"அப்ப வானத்துலேந்து குதிச்சிச்சா?"

"சந்தேகமா? வா உள்ள. வந்து தொழாவு. ஒரு மீன் செதில் கெடச்சாலும் இந்தக் கடைய இன்னிக்கே மூடுறேன். கெடைக்கலன்னா உன் வாய நீ மூடு."

குணவதி போனாள். சாமி வந்தவள் மாதிரி போனாள். டின் டின்னாகத் திறந்தாள். பருப்பு, புளி, வற்றல் மிளகாய், காய்ந்த காளான். கரண்டியை முகர்ந்தாள். கீரைச் சட்டிக்குள் கரண்டியை விட்டு அடிவரைக்கும் கிளறினாள். கீரை, தேங்காய், சின்ன வெங்காயம், அவ்வளவுதான். குளிர்பெட்டியில் சோயா மட்டன் ஒரு பொட்டலம். கவுச்சிச் சட்டிகள் எல்லாம் சாக்கில் கட்டி, வாயைத் தைத்து, பரணில் ஏற்றியிருந்தது. பின்வாசலுக்குப் பக்கத்தில் பித்தளைக் குடம் ஒன்று மஞ்சள் துணி கட்டித் தயாராக இருந்தது. அஞ்சலையின் பால்குடம்.

எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். கிடைக்காததால் அது இன்னும் ஏறியது.

"ஒளிச்சி வெச்சிருப்பீங்க."

"எங்க? என் கொண்டைக்குள்ளயா?"

குணவதி விறுவிறுவென்று மேசைக்குத் திரும்பினாள். நாகேந்திரன் அவளுடைய இலையை மடித்துக்கொண்டிருந்தான்.

"என்னா பண்றீங்க?"

"இல்ல... ஈ மொய்க்குது."

"வைங்க அத அப்படியே. அதான் சாட்சி." கைப்பேசியை எடுத்தாள். "இப்பவே ஃபேஸ்புக்ல போடுறேன். பினாங்குக்குப் போற சனம் அத்தனையும் பாக்கட்டும்."

"வேணாம் குணா! சொன்னாக் கேளு!"

அவன் குரலில் இருந்த பயத்தை அவள் கவனித்தாள். கடைக்காரர்களுக்கு ஏன் இவன் இப்படிப் பரிந்து பேசுகிறான் என்று இன்னும் ஆத்திரம் வந்தது. பொத்தானை அழுத்தினாள். நேரலை.

"வணக்கம். நான் குணவதி, கிள்ளான். பாகான் செராய்ல அஞ்சலை உணவகம்னு ஒரு கட. விரதச் சாப்பாடுன்னு சொல்லி மீன வைக்கிறாங்க. யாரும் வராதீங்க. நான் காட்டுறேன் பாருங்க..."

அஞ்சலை தடுக்கவில்லை. சமையல்கட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தங்கையா மட்டும், "வேணாம்மா, நாங்க ரெண்டே பேரும்மா, இந்தக் கடதாம்மா" என்று முணுமுணுத்தபடி பின்னாலேயே வந்தார்.

குணவதி கைப்பேசியை இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். நெத்திலி திரை முழுக்கப் பெரிதானது. கண், செவுள், வளைந்த முதுகு. கீரைச் சாறு வழிந்து போயிருந்தது. முதுகில் என்னவோ பளபளத்தது.

சர்க்கரைப் பாகு.

பாகில் இரண்டு எள். வால் பக்கம், பாகோடு பாகாக ஒட்டிக்கொண்டு, அரைக் கச்சான்.

குணவதியின் வாய் நின்றுவிட்டது. அவள் கை மட்டும் தானாக நகர்ந்தது. கைப்பேசி அவளுடைய இலையைத் தாண்டி, தண்ணீர்க் குவளையைத் தாண்டி, அடுத்த இலைக்குப் போனது. அங்கே ஒரு கை தெரிந்தது. நாகேந்திரனின் கை. இலையின் ஒரு மூலையை அகலமாக மூடியிருந்தது.

திரையின் அடிப்பக்கம் ஒரு வரி ஓடியது. நிவாஷினியை வைத்துக்கொண்டிருக்கும் அவள் தங்கை மாலினி எழுதியிருந்தாள். 'அக்கா, மாமா ஏன் எலைய கையால மூடுறாரு?'

"கைய எடுங்க."

"குணா, ஆஃப் பண்ணு அத மொதல்ல."

"கைய எடு."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'எடு' என்று சொன்னதில்லை. அவன் எடுத்தான். கச்சானுக்கு நடுவில் நாலைந்து நெத்திலி. ஒன்றுக்குத் தலை இல்லை. தலையைக் கடித்தாகிவிட்டது.

அவள் குனிந்து, அவன் நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்திருந்த டின்னை எடுத்தாள். மூடியைத் திறந்து, அவன் இலையிலேயே கவிழ்த்தாள். முதலில் கச்சான் கொட்டியது. டின்னின் அடியைத் தட்டினாள். பொலபொலவென்று நெத்திலி கொட்டியது.

"மேல கச்சான்தான் குணா... அடியிலதான்..." நாகேந்திரன் எச்சில் விழுங்கினான். "உனக்குப் பாத்துப் பாத்துத்தான் எடுத்து வெச்சேன். ஒட்டிக்கிட்டு வந்துருச்சி. சத்தியமா தெரியாம..."

"எனக்குப் பாத்துப் பாத்து எடுத்த. சரி. உனக்கு?"

"நெத்திலிதானே லா. பொடிசு. இதெல்லாம் ஒரு மீனா?"

தங்கையா தலையில் அடித்துக்கொண்டார்.

"எத்தன நாளா?"

"இன்னிக்குத்தான். ஈப்போலதான்..."

"எத்தன நாளா?"

அவன் தாடியைச் சொறிந்தான். விரதத் தாடி. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் 'காவடியா அண்ணே?' என்று கும்பிட்ட தாடி. "பொங்கலுக்கு முன்னால ஒரு நாளு. வேலையிடத்துல நெத்திலி வெச்ச நாசி லெமாக் சோறு வாங்கிக் குடுத்தானுங்க. அப்புறம்... அப்பப்ப."

"நானு பச்சத் தண்ணியக் குடிச்சிட்டுத் தரையில கெடந்தேனே. பக்கத்துல படுத்துக்கிட்டு நீயி மீன் வாடையோடவா கெடந்த?"

"இப்ப என்னா? நான் நெத்திலி தின்னா புள்ள நெஞ்சுல ஓட்ட அடையாமப் போயிருமா?" அவனும் எகிறினான். மாட்டிக்கொண்டவனின் கோபம். "டாக்டர்தானே ஆபரேசன் பண்றாரு! முருகனா வந்து கத்தியப் புடிக்கப் போறாரு?"

"அப்ப எதுக்குய்யா ஆஸ்பத்திரி வாசல்ல அலகு குத்துறேன்னு நேந்துகிட்ட? நான் கேட்டனா?"

நாகேந்திரனின் குரல் இறங்கியது. "நீ அழுத. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

அந்த வார்த்தை அவளை ஒரு நொடி நிறுத்தியது. அடுத்த நொடியே, அது தன்னை நிறுத்தியதற்காகவும் சேர்த்து ஆத்திரம் வந்தது. அழுததற்கு ஆறுதல் சொல்லத் தெரியாதவன், சாமியிடம் பொய் சொல்லியிருக்கிறான். அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு ஒரு மண்டலம் அவள் நடந்திருக்கிறாள்.

கைப்பேசி கையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"நான் சொன்னது தப்பு. இந்தக் கடையில சாப்பாடு சுத்தம். அசுத்தம் என் வீட்டுலேந்து டின்னுல வந்துச்சி. இந்தக் கடைய நம்பி எல்லாரும் வாங்க." நேரலையை நிறுத்தினாள்.

பிறகு அஞ்சலையைப் பார்த்தாள். அஞ்சலையின் முகம் கொஞ்சமும் இளகவில்லை.

"மீனுக்குச் சொல்லிட்ட. என்னைச் சீனச்சின்னியே, அதுக்கு?"

"அதுக்கு என்கிட்ட வார்த்த இல்லக்கா."

"வார்த்த இல்லன்னா எலைய எடு."

கடையில் சாப்பிட்டவரை எச்சில் இலை எடுக்கச் சொல்வது செருப்பால் அடிப்பதற்குச் சமம். குணவதி எடுத்தாள். தன் இலையை எடுத்தாள். புருஷனின் இலையை நெத்திலியோடு மடித்து எடுத்தாள். மஞ்சள் வேட்டிக் குடும்பம் போட்டுவிட்டுப் போன இலைகளையும், ஒன்றுவிடாமல், எடுத்துக் கொண்டுபோய்க் கூடையில் போட்டாள். மேசையைத் துடைத்தாள். நாகேந்திரன் உதவிக்கு எழுந்தான். "உக்காரு" என்றாள். உட்கார்ந்துவிட்டான்.

பின்கட்டில் குழாயடி இருந்தது. கேட்காமலேயே அஞ்சலை ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, டொக்கென்று அவள் காலடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். குணவதி வாயைக் கொப்பளித்தாள். சேலையோடு அப்படியே தலையில் ஊற்றிக்கொண்டாள். உள்ளே போனது என்ன, போகாதது என்ன என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தத் தெரியாமையையும் தூக்கிக்கொண்டுதான் நாளைக்கு மலை ஏற வேண்டும்.

ஈரம் சொட்டக் காருக்குப் போனாள். பின்பக்கத்தைத் திறந்து, தன் குடத்தை எடுத்தாள். அலகுப் பெட்டியையும் எடுத்தாள்.

"அது எதுக்கு?" நாகேந்திரன் ஓடிவந்தான்.

"வேலு உன் ஒடம்புல ஏறக் கூடாது."

"அப்ப நேர்த்திக்கடன்?"

"உன் நேர்த்தியையும் நானே பாத்துக்குறேன். பெட்டியக் கொண்டுபோய்க் கோயில்லயே குடுத்துட்டு, உனக்கும் சேத்து மன்னிப்புக் கேக்குறேன்."

அவன் வலது கையை நீட்டினான். காப்பு கட்டிய கை. "இத அவுத்துடவா?"

"கட்டுனது ஐயரு. அவர்கிட்டயே போயி சொல்லு, ஏன் அவுக்கணும்னு. ஒன்னு விடாம சொல்லு."

கடைக்குப் பின்னால் தங்கையா பழைய வேனைக் கிளப்பிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கடையைச் சாத்திவிட்டு அவர்களும் பினாங்குக்குத்தான். அஞ்சலை தன் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினாள். குணவதி குடமும் பெட்டியுமாக ரோட்டோரம் நின்றாள். பஸ் எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வேன் அவளைத் தாண்டிப் போய் நின்றது. முன்சன்னல் இறங்கியது.

"பின்னால எடம் இருக்கு." அஞ்சலை ரோட்டைப் பார்த்தபடிதான் சொன்னாள். "ஏறணும்னா ஏறு. ஆனா பினாங்கு போற வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது. உன் கொரலக் கேட்டா எனக்கு ரத்தம் கொதிக்குது."

குணவதி ஏறினாள். கதவைச் சாத்தினாள். பின்கண்ணாடியில் மைவி தெரிந்தது. முந்தாமல், பிந்தாமல் வந்துகொண்டிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாரிட் புந்தாரைத் தாண்டும்போது கைப்பேசி அடித்தது. மாலினியின் எண். எடுத்தால் மகளின் குரல், முன்சீட்டுக்கே கேட்கும் சத்தத்தில்.

"அம்மா, சித்தி போன்ல நான் பாத்தேன். அப்பா மீனு தின்னுட்டாரா?"

குணவதி பல்லைக் கடித்துக்கொண்டாள். "ஆமா."

"அப்ப என் ஆபரேசன்?"

தங்கையா கண்ணாடி வழியாகப் பார்த்தார். குணவதி மடியிலிருந்த குடத்தை இறுக்கிப் பிடித்தாள்.

முன்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு கைப்பேசியைப் பிடுங்கியது.

"பாப்பா, பேரு என்னா? நிவாஷினியா? இங்க பாரு. உனக்காக வெரதம் இருக்கேன்னு சொல்லி ஒரு ஆளு ஏமாத்திப்புட்டான். நாளைக்கு உங்கம்மா கொடம் தூக்குறா, நானும் தூக்குறேன். என் கொடத்துல பாதி உனக்கு. போதுமா? தூங்கு போ."

கைப்பேசியைப் பின்னால் நீட்டினாள். குணவதி அதை வாங்கிக்கொண்டு, "அக்கா..." என்றாள்.

"புள்ளகிட்டதான் பேசுனேன்" என்றாள் அஞ்சலை. "உன்கிட்ட இல்ல. வாய மூடு."